மழைக்கணக்கில் வெற்றிடம்

பதுளைப் பகுதித் தோட்டங்களில் மழைமானி வைத்து, காலைதோறும் மழையை அளந்து ஏட்டில் எழுதிவரும் வழக்கம் நெடுங்காலத்தது. அவ்வேட்டில் சில கட்டங்களில் எண் இருக்கும். சிலவற்றில் பூச்சியம் இருக்கும். சில வெறுமையாய்க் கிடக்கும். பூச்சியமென்றால் மழை பெய்யவில்லை. வெறுமையென்றால் எவரும் அளக்கவில்லை. மனிதக் கண்ணுக்கு இவ்வேறுபாடு எளிது. கணினிக்கோ வெறுமையைக் குறிக்கவும் ஓர் எண்ணே வேண்டியிருக்கிறது. நம் பழைய மாணவருட் பலர் இன்று நிரல் எழுதுவோராதலின், அவ்வெண்ணால் விளையும் பிழைகளை ஈண்டு ஆராய்வோம்.

வானிலைத் தரவுகள் பெரும்பாலும் ‘நெற்சிடிஎப்’ என்னும் கோப்புவகையில் வருகின்றன. காலம், அகலக்கோடு, நெடுங்கோடு என அடுக்கிய எண்வரிசை அது. விடுபட்ட இடத்தை எவ்வெண்ணால் நிரப்பினர் என்பதைக் கோப்பின் தலைப்பகுதி சொல்லும். அதனை நிரப்பெண் என்போம். 1981 முதலான மழையளவைத் தரும் ‘சேர்ப்ஸ்’ தரவில் அது -9999. இலங்கைத் தீவை நாற்சதுரமாய் வெட்டியெடுத்தால் கடற்கட்டங்கள் யாவும் இவ்வெண்ணுடன் உடன்வரும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கார்த்திகையில் 27 நாட்கள் அளந்த மழை 270 மில்லிமீற்றர். மூன்று நாட்கள் அளக்கவில்லை. நாட்சராசரி 10. மூன்று வெற்றிடத்திலும் -9999 இருக்க, முப்பதால் வகுத்தால் -990.9 வரும். இதைக் கண்டு எவரும் ஏமாறார். நிரப்பெண் -1 ஆயின் விடை 8.9; பூச்சியமாயின் 9. இவை உண்மைபோல் நடமாடும். யாமும் ஒருமுறை இவ்வாறு ஏமாந்ததுண்டு: கச்சான் வீசும் ஆடிமாதத்தைப் போலவே மழைமிகுந்த மார்கழியும் வரண்டதாக வந்த விடையை இரண்டு நாள் நம்பியிருந்தோம்.

நிரப்பெண் அறிவிக்கப்பட்டிருந்தும் நிரல் அதனை விலக்காமை ஏன்? பெரும்பாலும் எண்வகை பொருந்தாமையே காரணம். தரவு 32 பிட் எண்ணாகவும், அறிவிப்பு 64 பிட் எண்ணாகவும் இருப்பின், -99.9 என்பது முன்னதில் -99.9000015 என நிற்கும். இரண்டும் சமமல்ல எனக் கணினி விட்டுவிடும். -9999 போன்ற முழுவெண்ணுக்கு இத்தொல்லை இல்லை. இடம் சுருக்குவதற்காக முழுவெண்ணாக்கிச் சேமித்த தரவில் வேறொரு வழுக்கல் உண்டு. -32768 என்னும் நிரப்பெண்ணை முதலில் விலக்காது 0.1 ஆற் பெருக்கினால் அது -3276.8 ஆகி, அடையாளம் தெரியாமற் போகும்.

‘நாட் எ நம்பர்’ என்பதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ‘நான்’ என்றாகிறது. பெயருக்கேற்ற செருக்கும் அதற்குண்டு. அது தனக்குத்தானே சமமன்று. ஆகவே சமக்குறியாற் சோதித்தல் வீண். அதற்கென உள்ள தனிச்சோதனையையே கையாளல் வேண்டும். எக்கோப்பைத் திறந்தாலும் முதலில் மிகச்சிறிய எண், மிகப்பெரிய எண், விடுபட்டவற்றின் தொகை ஆகிய மூன்றையும் அச்சிட்டுப் பார்த்தல் நன்று.

மறுதலையான பிழையும் உண்டு. அந்தாட்டிக்காவின் ஓசோன் குறைவை 1985 இல் பிரித்தானியர் நிலத்திலிருந்து அளந்து வெளியிட்டனர். அமெரிக்கச் செய்மதியும் அக்குறைவை அளந்தேயிருந்தது. ஆயினும் 180 டொப்சன் அலகுக்குக் குறைந்தவற்றை அதன் நிரல் ஐயத்துக்குரியவையெனக் குறித்து ஒதுக்கியிருந்தது. பெருமழையொன்றை ‘இருக்கமுடியாத எண்’ எனத் தள்ளும் எல்லையை வைப்போர் இதனை நினைவிற் கொள்க.

நம் மலைநாட்டில் இது ஏட்டுச்சிக்கலன்று. 2014 ஒக்டோபர் 29 காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடிற்று. 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கூறுகிறது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய் அளவு வராது நிற்பதும் பெருமழை இரவிலேதான். பைதன் மொழியிலுள்ள ‘பாண்டாஸ்’ தொகுதியோ, எல்லா மணியும் விடுபட்டிருந்தாலும் கூட்டுத்தொகை பூச்சியம் எனக் கூசாமற் சொல்லும். குறைந்தது இத்தனை அளவுகள் இருந்தாலே கூட்டுக என நாமே விதித்தல் வேண்டும். அன்றியும், தொகையின் அருகே அளந்த மணிகளின் எண்ணிக்கையையும் அச்சிடுக. ‘62 மில்லிமீற்றர்’ என்பதற்கும் ‘62 மில்லிமீற்றர், 24 மணியில் 15 மணி’ என்பதற்கும் உள்ள தூரத்தைச் சரிவின் கீழ் உறங்குவோர் அறிவர்.