முதிய நாயின் தடுமாற்றத்துக்கு மருந்து உண்டு

கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கீல் இருக்கும் பக்கம் போய் நின்று காத்திருக்கிறது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொண்டு, வெளியே வரத் தெரியாமல் விழிக்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு நள்ளிரவில் குரைக்கிறது. 12 வயது நாய் இப்படிச் செய்தால், ‘வயசாயிடுச்சு, என்ன பண்றது’ என்று விட்டுவிடுகிறோம். விடக்கூடாது.

மூளையில் நடப்பது

அல்சைமர் நோயாளிகளைப் போலவே முதிய நாய்களின் மூளையிலும் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. பழகிய இடம் மறக்கிறது, தூக்கம் தலைகீழாகிறது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போய்விடுகிறது. 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 11-12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும் 15-16 வயது நாய்களில் 68 சதவீதத்துக்கும் இத்தகைய அறிகுறி ஒன்றாவது இருந்தது.

முதலில் வலியைத் தேடுங்கள்

மூட்டுவலி உள்ள நாயும் இரவில் உறங்காது. கண்புரை வந்த நாயும் சுவரில் முட்டும். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு, தைராய்டு குறைபாடு இவற்றையெல்லாம் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனையில் பார்த்துவிட்டுத்தான் மூளைக்கு வர வேண்டும்.

செலிஜிலின்

பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்படும் இந்த மருந்தை, நாய்களின் மறதிநோய்க்கு அமெரிக்க அரசு 1998-ல் அனுமதித்தது. மூளையில் டோபமைன் சிதைவதை இது குறைக்கிறது. எடையில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை, தினமும் காலையில் ஒருவேளை என்பதே வழக்கமான அளவு. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். பத்தே நாளில் நிறுத்திவிட்டு ‘கேட்கவில்லை’ என்று சொல்வது சரியல்ல. நோயை இது குணமாக்காது, எல்லா நாய்க்கும் ஒரேபோல் கேட்கவும் கேட்காது. ஆனால் கேட்கும் நாய் மறுபடி வாலாட்டி வரவேற்கிறது, இரவில் உறங்குகிறது. அந்த நிம்மதிக்காகவே முயன்று பார்க்கலாம் என்பேன். வாந்தி, பேதி, படபடப்பு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உண்ணி மருந்தோடு சேராது

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியது இதைத்தான். உண்ணிக்குப் பயன்படும் அமிட்ராஸ் கலந்த கழுவுமருந்தோ கழுத்துப்பட்டையோ செலிஜிலினோடு சேர்ந்தால் ஆபத்து. டிரமடால், ஃபுளூயாக்ஸெட்டின், குளோமிப்ரமின் மாத்திரைகளும் அப்படியே.

ஆகவே மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நாய் இரவில் செய்வதைச் செல்போனில் வீடியோ எடுங்கள். இப்போது தரும் மருந்துகளின் அட்டைகளையும் உண்ணி மருந்தின் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.