கேள்வி கேட்பவரின் மனசாட்சிக்குக் காவல் எது?

இந்திய அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையைச் சொல்வதற்கு முன்பே மனசாட்சிச் சுதந்திரத்தைக் குறிப்பிடுகிறது. எதை உண்மையென ஏற்பது, எதை ஏற்க மறுப்பது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்துகொள்ளும் உரிமையே மனசாட்சிச் சுதந்திரம். நம்புவதும், நம்பிக்கையை மாற்றிக்கொள்வதும், நம்பாதிருப்பதும், முடிவுக்கு வராமல் ஐயத்தோடு வாழ்வதும் அதில் அடங்கும். அடுத்துவரும் 26ஆவது பிரிவோ, மதப் பிரிவுகள் தங்கள் சமய விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்று குழுக்களுக்கு உரிமை தருகிறது. குழுவின் உள்ளேயிருந்து ஒருவர் கேள்வி எழுப்பும்போது இந்த இரண்டு உரிமைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. அந்த மோதலின் பல முகங்களை, பல சமயத்தவர் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்துவரும் ஹைதராபாத் நகரின் அண்மைக்கால வரலாற்றில் தெளிவாகக் காண முடிகிறது.

அறிவியல் மனப்பான்மையின் நகரம்

தர்காக்களும் ஷியா முஸ்லிம்களின் துக்கக்கூடங்களான ஆஷூர்கானாக்களும் அம்மனுக்கான போனாலு திருவிழாவும் அடையாளமாக விளங்கும் இந்நகரம், நாட்டின் முதன்மையான ஆய்வுக்கூடங்கள் பலவற்றின் இருப்பிடமும் ஆகும். இங்கு உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தைத் தோற்றுவித்த உயிரியலாளர் புஷ்ப மித்ர பார்கவா, 1964இல் ஒத்த கருத்துள்ள அறிவியலாளர்களோடு சேர்ந்து அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பதற்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். எந்தக் கூற்றையும் சான்றைக் கொண்டு எடைபோடுவதும், சான்று மாறினால் கருத்தை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருப்பதுமே அறிவியல் மனப்பான்மை. அறிவு மனித முயற்சியால் மட்டுமே கிடைக்கிறது, தெய்வ வெளிப்பாட்டால் அன்று என்னும் பொருள்படும் உறுதிமொழியில் உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்று சங்கம் கேட்டபோது, புகழ்பெற்ற அறிவியலாளர் பலரே அதற்கு முன்வரவில்லை என்பதைப் பார்கவா பிற்காலத்தில் வருத்தத்தோடு பதிவுசெய்தார். அந்த மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. ஆயினும், பல்கலைக்கழகங்களில் சோதிடத்தைப் பாடமாக்கும் முடிவை எதிர்த்து அவர் நடத்திய வழக்கை உச்ச நீதிமன்றம் 2004இல் தள்ளுபடி செய்தது.

அற்புதங்களைச் சான்று கேட்டு ஆராயும் முயற்சியும் இதே நகரத்தின் நீதிமன்றப் படியேறியது. கோவைக்கு அருகிலுள்ள போத்தனூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த், புட்டபர்த்தி சத்ய சாயி பாபா வெறுங்கையிலிருந்து தங்க நகைகளை வரவழைப்பதாகச் சொல்லப்படுவது உண்மையானால், அனுமதியின்றித் தங்க நகை செய்வதைத் தடுக்கும் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் அது குற்றமாகும் என்று 1986இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு தள்ளுபடியானது, ஆனால் ஆன்மிக ஆற்றல் என்பதைச் சட்டம் ஒரு விளக்கமாக ஏற்க முடியுமா என்று அவர் எழுப்பிய வினா மக்கள் மன்றத்தில் நிலைத்தது. பிரதமர் நரசிம்ம ராவ் கலந்துகொண்ட ஹைதராபாத் விழா ஒன்றில் 1992இல் தூர்தர்ஷன் எடுத்த காட்சிப்பதிவில், பாபா வரவழைத்ததாகக் கருதப்பட்ட தங்கச் சங்கிலி உண்மையில் உதவியாளரின் கையிலிருந்து அவர் கைக்கு மாறியது என்று விமர்சகர்கள் சுட்டிக்காட்ட, அவ்வாண்டு நவம்பரில் டெக்கான் கிரானிக்கிள் நாளேடு அதை முதன்மைச் செய்தியாக்கியது. அடியார்கள் அதை ஏற்கவில்லை. பொதுவெளியில் வைக்கப்படும் ஒரு கூற்றைப் பொதுவெளியில் சோதிக்கலாம் என்னும் கொள்கையை நிலைநாட்டியதே இந்த முயற்சிகளின் பயன்.

பக்தி எங்கே முடிகிறது, கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது

சமய நம்பிக்கை வேறு. சமயத்தின் பெயரால் ஒரு குழு தன் உறுப்பினரின் வாழ்க்கை முழுவதையும் கைக்குள் வைத்திருப்பது வேறு. இரண்டையும் பிரித்தறிய உதவும் ஆய்வுகளுள் முன்னோடியானது, அமெரிக்க உளநோய் மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1961இல் வெளியிட்ட நூல். சீனாவில் கருத்து மாற்றப் பயிற்சிக்கு உள்ளாக்கப்பட்டவர்களை நேர்கண்டு ஆராய்ந்த அவர், மனத்தை முற்றாக ஆளமுயலும் குழுக்களுக்குப் பொதுவான எட்டு இயல்புகளை வகுத்தார். உறுப்பினர் யாரோடு பேசலாம், எதைப் படிக்கலாம் என்பதைக் குழுவே முடிவுசெய்தல். அடையவே முடியாத தூய்மையைக் கோரி ஓயாத குற்றவுணர்வில் அவரை ஆழ்த்துதல். கோட்பாட்டைக் கேள்விக்கு அப்பாற்பட்ட புனித அறிவாகக் காட்டுதல். சொந்த அனுபவம் கோட்பாட்டோடு முரண்பட்டால் அனுபவமே பொய் என்று நம்பவைத்தல். வெளியில் இருப்பவர் வாழத் தகுதியற்றவர் என்று பிரித்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. லிஃப்டன் ஆராய்ந்தது ஓர் அரசியல் இயக்கத்தை என்பது, இந்த இயல்புகள் எந்தக் கொள்கையின் பெயராலும் தோன்றக்கூடியவை என்பதை உணர்த்துகிறது. கடவுளை நம்பும் குழுவா, எந்தக் கடவுளை நம்பும் குழு என்பவற்றைவிட, ஐயம் கொண்ட உறுப்பினரை அது எப்படி நடத்துகிறது என்பதே அளவுகோலாக வேண்டும்.

இந்த அளவுகோலை மிகுந்த கவனத்தோடு கையாளவேண்டிய இடம் குழந்தைகளின் உலகம். செகந்திராபாத்தில் சமண சமயக் குடும்பத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமி ஒருவர் 68 நாள் உண்ணாநோன்பை முடித்த சில நாள்களில், 2016 அக்டோபரில் உயிரிழந்தார். நோன்பு முடிந்ததைக் குடும்பமும் சுற்றமும் பெருமையோடு கொண்டாடியிருந்தன. குழந்தைகள் உரிமை அமைப்பொன்றின் புகாரின்பேரில் பெற்றோர்மீது காவல் துறை வழக்குப் பதிந்தது. நோன்பு சிறுமியின் சொந்த விருப்பம் என்று குடும்பத்தினர் கூறினர். மழைக்காலத்து நான்கு திங்களில் நோன்பிருத்தல் சமணத்தில் தொன்றுதொட்டு வரும் தவநெறி என்பதையும், வயதுவந்தோர் தம் உடல்மீது ஏற்கும் நோன்பு அவர்களுடைய மனசாட்சியைச் சேர்ந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால், மறுத்துச் சொல்லக்கூடிய மனவலிமையும் உயிருக்கு வரும் ஆபத்தை அளந்தறியும் முதிர்ச்சியும் இல்லாத வயதில், பெரியோரின் பாராட்டுக்கு நடுவில் பிறக்கும் விருப்பத்தை முழுமையான சம்மதமாகக் கொள்வது அறமாகாது. 25ஆவது பிரிவே மதச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, அறநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்படுத்தித்தான் வழங்குகிறது.

விலக்கு என்னும் தண்டனை

வயதுவந்தோர் கேள்வி கேட்டால் குழு கையாளும் வலிமையான கருவி சமூக விலக்கு. தமிழகத்துச் சிற்றூர்களில் ஊர்விலக்கு என்று அறியப்படும் இத்தண்டனை, நல்லது கெட்டதில் கலந்துகொள்ளவோ, தொழில் செய்யவோ, இறந்தபின் பொது இடத்தில் அடக்கம் பெறவோ முடியாதபடி ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது. இதன் சட்ட வரலாறு தாவூதி போரா சமூகத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஷியா இஸ்லாத்தின் ஒரு கிளையான இச்சமூகத்தினர், சையத்னா எனப்படும் தலைமைக் குருவுக்குக் கீழ்ப்படிவதாக மீஸாக் என்னும் உறுதிமொழி ஏற்கின்றனர். சமூக நீக்கம் செய்வதைத் தடுத்துப் பம்பாய் மாகாணம் 1949இல் இயற்றிய சட்டத்தை, சமய ஒழுங்கைக் காக்க நீக்கம் செய்வதும் 26ஆவது பிரிவு தரும் உரிமையே என்று கூறி உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாததாக்கியது. ஐவரில் ஒருவராக அமர்ந்த தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா, நீக்கப்பட்டவரின் குடிமை வாழ்வே சிதைகிறது என்று கூறி மற்றவர்களின் தீர்ப்பிலிருந்து மாறுபட்டார்.

அச்சமூகத்தின் சீர்திருத்த இயக்கத்தை வழிநடத்திய அஸ்கர் அலி இஞ்சினியர் இறைநம்பிக்கையாளர்; இஸ்லாமிய இறையியலை ஆழ்ந்து கற்றவர். சமூகத்திடம் திரட்டப்படும் பணத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும், உறுப்பினரின் உலகியல் வாழ்வில் குருபீடம் தலையிடலாகாது என்று கேட்டதற்காக அவர் சமூக நீக்கத்தையும் தாக்குதல்களையும் எதிர்கொண்டார். 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பை மறுஆய்வு செய்வது பற்றிய வழக்கு நீண்ட காலம் கிடப்பில் இருந்து, 2023 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டில் தக்கலையைச் சேர்ந்த கவிஞர் எச்.ஜி. ரசூல், இஸ்லாமியப் பண்பாடு குறித்து எழுதிய கட்டுரைக்காக 2007இல் ஜமாஅத்தால் ஊர்விலக்கம் செய்யப்பட்டதும் இதே வரிசையில் சேர்கிறது. மதத்தை வெறுத்தவர்களே கேள்வி கேட்கிறார்கள் என்னும் பரவலான எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இவ்விருவரின் வாழ்வும் சான்று.

விலக்கு போதாதபோது வன்முறையும் வழக்கும் துணைக்கு வருகின்றன. மதத்தை விமர்சித்து எழுதிவந்த வங்கதேச எழுத்தாளர் தஸ்லிமா நஸ்ரின் 2007 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத் பிரஸ் கிளப்பில் தம் நூலின் தெலுங்கு மொழிபெயர்ப்பு வெளியீட்டுக்கு வந்தபோது, மஜ்லிஸ் (எம்.ஐ.எம்.) கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களும் தொண்டர்களும் அரங்குக்குள் புகுந்து தாக்கினர். இந்நகரத்தின் மனிதநேயச் சிந்தனையாளர் பாபு கோகினேனி, தொலைக்காட்சி விவாதங்களில் சோதிடத்தையும் மூடநம்பிக்கைகளையும் எதிர்த்து வாதிட்டவர். மத உணர்வைப் புண்படுத்தினார் என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளோடு 2018இல் அவர்மீது வழக்குப் பதிவானது. 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1927இல் ஆங்கிலேய அரசு சேர்த்த 295ஏ பிரிவு, தீய நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்யப்படும் இழிவுபடுத்தலையே தண்டிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1957இலேயே தெளிவுபடுத்தியிருந்தும், நேர்மையான விமர்சனத்தின்மீதும் அது ஏவப்பட்டுவந்தது. கோவையில் 2017 மார்ச்சில், பிறந்த மதத்தைத் துறந்து நாத்திகம் பேசிய இளைஞர் ஒருவர் அதற்காகவே கொலை செய்யப்பட்டது, சுயமரியாதை இயக்கம் பிறந்த தமிழ் மண்ணிலும் இந்த ஆபத்து இருக்கிறது என்பதை உணர்த்தியது.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்

வெளியேறும் உரிமைக்கு அரசு தரக்கூடிய மிக எளிய ஏற்பு, மதமில்லை என்று சொல்பவரின் சொல்லை அப்படியே எழுதிக்கொள்வது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு தம்பதியர், தம் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளில் மதமில்லை என்று குறிப்பிட வழி கேட்டு 2010இல் உயர் நீதிமன்றம் சென்றனர். குழந்தையின் பிறப்புப் பதிவில் மதத்தைக் குறிப்பிடாவிட்டால் விண்ணப்பமே ஏற்கப்படாத நிலையை எதிர்த்து மற்றொரு தம்பதியர் தொடுத்த வழக்கில், தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் மதமில்லை, சாதியில்லை என்று பதிவதற்கான கட்டத்தைப் படிவத்தில் சேர்க்க ஆணையிட்டது. எந்த மதத்தையும் பின்பற்றாதிருப்பதும் மனசாட்சிச் சுதந்திரத்தின் பகுதியே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. பம்பாய் உயர் நீதிமன்றமும் 2014இல் இதே கருத்தை வெளியிட்டிருந்தது. தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதி, மதக் கட்டங்களை வெறுமையாக விட 1973ஆம் ஆண்டு அரசாணையே இடமளிக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் 2019இல் சாதி, மதமற்றவர் என்ற சான்றிதழையும் பெற்றார்.

இத்தீர்ப்புகள் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலான உறவைச் சீர்செய்கின்றன. குழுவுக்கும் உறுப்பினருக்கும் இடையிலான உறவை அவை தொடவில்லை. படிவத்தில் கட்டம் கிடைத்தபின்பும், கேள்வி கேட்டவருக்கு வீடும் தொழிலும் உறவும் பறிபோகுமானால் அந்த உரிமை தாளோடு நின்றுவிடும். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கி மகாராஷ்டிரம் 2016இல் நிறைவேற்றிய சட்டத்தைப் போன்ற பாதுகாப்பு எல்லா மாநிலங்களிலும் தேவைப்படுவது இதனால்தான். சட்டத்தைவிட விரைவாகச் செய்யக்கூடியவையும் உள்ளன. குழுவொன்றில் சேரும் குடும்பம், அங்கே பணத்துக்குக் கணக்கு உண்டா, தலைவரை மறுத்துப் பேசியவர் இன்னும் உறுப்பினராக இருக்கிறாரா, விலகிப்போனவரோடு உறவாட முடிகிறதா என்பவற்றை முதலிலேயே விசாரித்தறியலாம். விலகிவந்தவரை நண்பரும் சுற்றத்தாரும் ஏளனமின்றி ஏற்றுக்கொள்ளலாம். விரும்பினால் விலகிச்செல்லலாம் என்னும் நிலையில் ஒருவர் விரும்பியே தங்குவதுதான் நம்பிக்கைக்கு மதிப்பைத் தருகிறது என்பதால், கேள்வி கேட்பவரைக் காப்பது நம்பிக்கையாளரையும் சேர்த்துக் காப்பதாகும்.