பறவைக் கணக்கும் வாசகர் கூட்டமும்

பறவைகளைப் பற்றி எழுதுவோர் பலர். அவ்வெழுத்தை விரும்பிப் படிப்போர் சிலரே. அச்சிலரைப் பலராக்கும் வழியை அமெரிக்கப் பறவையியல் அறிஞர் பிராங்க் சப்மன் கண்டார்.

1886 ஆம் ஆண்டில் நியூயோர்க் வீதிகளில் இருமுறை உலாவிய அவர், பெண்டிர் அணிந்திருந்த 700 தொப்பிகளை எண்ணினார். அவற்றுள் 542 தொப்பிகளைப் பறவைகளோ அவற்றின் இறகுகளோ அணிசெய்தன. அவை 40 இனங்களுக்கு உரியவை. இக்கொலையைத் தடுக்கச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கோ மக்கள் மனம் மாறவேண்டும். 1899 இல் 'பேர்ட்-லோர்' என்னும் சஞ்சிகையைச் சப்மன் தொடங்கினார்.

வாசகரை வெறுமனே படிப்போராக அவர் விட்டாரல்லர். நத்தார் நாளில் அணி பிரிந்து, கண்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவிக்கும் வழக்கம் அந்நாளில் அங்கு நிலவியது. சுடுதலை விடுத்து எண்ணும்படியும், எண்ணியதை எழுதியனுப்பும்படியும் 1900 இல் அவர் வேண்டினார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். அவர்தம் குறிப்புகள் பெயரோடும் ஊரோடும் அச்சேறின. தன் பெயரை அச்சிற் கண்டவன் அவ்விதழை அயலானுக்குக் காட்டாது வைப்பானோ? கண்ட அயலானும், அப்பறவை தன் தோட்டத்தில் உண்டோவென நோக்கத் தலைப்படுவான். புகழாசை சிறிது கலந்ததே எனினும், அறிவு பரவுதற்கு அது தீய வாயிலன்று.

1918 இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. சட்டம் வந்தபின்னும் எண்ணுவோர் ஓய்ந்தாரல்லர். 25 இடங்களில் தொடங்கிய கணக்கு, இன்று 15 மைல் விட்டமுள்ள 2,000க்கு மேற்பட்ட வட்டங்களில் ஆண்டுதோறும் எடுக்கப்படுகின்றது.