முதலில் தரையிறங்கக் கற்போம்

சுவர், படி, கம்பி போன்ற தடைகளைத் தாண்டிச் செல்லும் பார்க்கூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2006இல் வெளியான ‘கசினோ ராயல்’ படத்தின் துரத்தல் காட்சி. கட்டுமானக் கிரேன் மேல் ஏறி ஓடும் பார்க்கூர் வீரர் செபஸ்தியான் ஃபூக்கானைப் பார்த்தவர்கள், நாற்பது வயதில் இதையெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது என்றுதான் சொல்வார்கள். ஆனால் லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் பெரியவர்களுக்காக நடக்கும் திறந்தவெளி வகுப்புகளில் மொட்டைமாடித் தாவலுக்கு இடமே இல்லை. முழங்கால் உயரச் சுவரிலிருந்து சத்தமில்லாமல் இறங்குவது, நடைபாதை விளிம்பில் தடுமாறாமல் நடப்பது, படிக்கட்டில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து ஏறுவது என்றுதான் பாடம் தொடங்கும். பள்ளியோடு ஓட்டமும் குதிப்பும் நின்றுபோன நடுவயதினருக்குத்தான் இந்த அடிப்படைகள் இளைஞர்களைவிட அதிகம் தேவைப்படுகின்றன என்பது என் கருத்து.

இந்தக் கலையின் வேர் சாகசத்தில் இல்லை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர், 1902இல் மார்ட்டினிக் தீவின் பெலே எரிமலை வெடித்து சென் பியர் நகரம் அழிந்தபோது மீட்புப் பணியில் இருந்தவர். பிறருக்கு உதவ வேண்டுமானால் உடல் வலுவாக இருக்க வேண்டும் என்று நம்பிய அவர், ஓடுதல், ஏறுதல், சுமத்தல், சமநிலை போன்ற இயல்பான அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சி முறையை வகுத்தார். பிரெஞ்சு ராணுவத்தின் தடைதாண்டும் பயிற்சியில் அதன் செல்வாக்கு உண்டு. அத்தகைய பயிற்சியில் வளர்ந்த ரேமோன் பெல் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அவர் மகன் டேவிட் பெல்லும் நண்பர்களும் பாரிஸுக்குத் தெற்கே லிஸ் என்ற ஊரின் சுவர்களிலும் படிகளிலும் பழகிப் பழகி உருவாக்கியதே இன்றைய பார்க்கூர். நெருப்பிலும் இடிபாட்டிலும் ஆளைக் காப்பாற்ற உதவிய திறமை, வழுக்கும் படியிலும் நம்மைக் காப்பாற்றும்.

தரையிறங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும். உடனே கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்க வேண்டும். குதித்த உயரம் ஒன்றுதான் என்றாலும், உடல் முழுவதுமாக நிற்பதற்குள் கடக்கும் தூரம் கூடினால் மூட்டுகள் தாங்க வேண்டிய விசை குறைகிறது. முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்தால் பயிற்சியாளர் உடனே நிறுத்திவிடுவார். ‘தொப்’ என்று சத்தம் கேட்டால் தசை வாங்க வேண்டிய அதிர்ச்சியை எலும்பு வாங்கிவிட்டது என்று பொருள். நல்ல வகுப்பில் காதுதான் அளவுகோல். பிறகு புல்தரையில் உருளப் பழக்குவார்கள். ஒரு தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்பில் முடியும்படி உருள்வதால் தலையிலும் முதுகெலும்பிலும் அடி படாது.

வயதானால் எலும்பு முறியாதா என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். கணுக்கால் சுளுக்கும் முழந்தாள் சிராய்ப்பும் இதில் வருவதுண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெற்றாலும் தசைநாண்கள் உறுதிபெற மாதங்கள் ஆகும் என்பதால், அவசரப்படும் நாற்பது வயதுக்காரருக்கே ஆபத்து அதிகம். எலும்புத் தேய்மானமோ பழைய மூட்டுக் காயமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஆனால் பயிற்சியே இல்லாமல் இருப்பதும் பாதுகாப்பு ஆகாது. தவறி விழுவதால் மட்டும் உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்பதும் அதன் பரிந்துரை. அந்தச் சமநிலையை எழுபதில் தேடுவதைவிட நாற்பதில் பேணுவது எளிது.

அப்படியானால் மெத்தை விரித்த கூடத்தில் பழகினால் என்ன? பழகலாம்; உருள்வதற்கு மெத்தை நல்ல தொடக்கம். ஆனால் மெத்தை நம் தவறை மறைத்துவிடும். கான்கிரீட் மறைக்காது, அதனால் அங்கே யாரும் தன்னால் முடியாததை எளிதில் முயல்வதில்லை. குதிப்பதற்கு முன் கம்பியை ஆட்டிப் பார்ப்பது, சுவரின் மேல் மணலோ ஈரமோ இருக்கிறதா என்று கையால் துடைத்துப் பார்ப்பது, ‘இன்று இது வேண்டாம்’ என்று திரும்பி வருவது ஆகிய மூன்றும் திறந்தவெளி தரும் பாடங்கள். இடத்தையும் தன் உடலையும் சேர்த்து எடைபோடும் இந்தப் பழக்கத்தை டிரெட்மில் ஒருநாளும் தராது.

பொதுச் சுவர்களில் ஏறினால் அவை பாழாகாதா என்ற கேள்வியையும் ஒதுக்க முடியாது. பலவீனமான சுவர், தனியார் வீடு, நினைவுச் சின்னம் ஆகியவற்றைத் தொடாமல் இருப்பதும், நடந்து போகிறவருக்கு முதலில் வழிவிடுவதும் வகுப்பின் ஒழுங்கில் அடங்கும். பிரிட்டன் 2017இல் பார்க்கூரை விளையாட்டாக அதிகாரப்பூர்வமாக ஏற்றது. இந்தக் கலை இனி விரட்டப்பட வேண்டிய தொல்லை ஆகாது. ஆனாலும் அந்த மதிப்பு நிலைப்பது பயிற்சியாளர்கள் கையில்தான் இருக்கிறது. சேர நினைப்பவர் முதல் வகுப்பிலேயே பயிற்சியாளரைக் கவனிக்கலாம். பழைய காயங்களைக் கேட்கிறாரா, ஒவ்வொரு தாவலுக்கும் அதைவிடத் தாழ்வான ஒரு மாற்று வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். தயங்கி நிற்பவரைக் கைதட்டிக் குதிக்கத் தூண்டுகிறவராக இருந்தால், வேறு வகுப்பைத் தேடுங்கள்.