சிறுவர்களுடன் கன்சாய் வட்டாரத்தில் ஒரு பயணம்

 

பயணமும் ஒரு பள்ளிக்கூடமே. ஏட்டில் படித்ததைக் கண்ணால் காணும்போது அது நெஞ்சில் நிலைத்து நிற்கிறது. 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வந்த பள்ளி விடுமுறையில், என் மகள், மருமகன், ஆறு வயதுப் பேத்தி, மூன்று வயதுப் பேரன் ஆகியோருடன் ஜப்பான் நாட்டின் கன்சாய் வட்டாரத்திற்குச் சென்று வந்தேன். திரும்பிய நாள் முதல், "சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மொழி தெரியாத நாட்டில் எப்படிச் சுற்றி வந்தீர்கள்?" என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் பலரும் வினவிய வண்ணம் உள்ளனர். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றேன். அப்பயணத்தை நான் மேற்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

வட்டாரத்தின் அமைப்பு

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் மேற்குப் பகுதியில் கன்சாய் அமைந்துள்ளது. வணிக நகரமாகிய ஒசாகா, பழந்தலைநகரமாகிய கியோட்டோ, அதனினும் பழைய தலைநகரமாகிய நாரா, துறைமுக நகரமாகிய கோபே ஆகியவை இவ்வட்டாரத்தின் நான்கு முக்கிய நகரங்களாகும். 1994ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கன்சாய் அனைத்துலக விமான நிலையம், ஒசாகா விரிகுடாவில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய செயற்கைத் தீவின்மேல் நிற்கிறது. அங்கிருந்தே இரயில்கள் நகரங்களுக்குப் புறப்படுகின்றன.

இந்நான்கு நகரங்களும் அண்டை வீடுகள் போல் நெருங்கியிருப்பது குழந்தைகளுடன் செல்வோர்க்குப் பெரும் வாய்ப்பாகும். ஒசாகாவிலிருந்து கியோட்டோவிற்கு ஏறத்தாழ 30 நிமிடம். கோபேயின் நடுப்பகுதியாகிய சன்னோமியாவிற்கு 20 நிமிடத்திற்குச் சற்று மேல். நாராவிற்கு முக்கால் மணி நேரம். ஆகவே ஒரே ஊரில் தங்கிக்கொண்டு நாள்தோறும் ஓர் ஊராகச் சென்று வரலாம். நாள்தோறும் விடுதி மாறினால் மூட்டை கட்டுவதிலேயே பாதிப் பொழுது கழிந்துவிடும், பிள்ளைகளும் சோர்வர்.

விடுதி மாற நேர்ந்தால் பெட்டிகளைச் சுமந்து திரிய வேண்டுவதில்லை. ஜப்பானியர் 'தக்கியூபின்' என்று அழைக்கும் பொதி அனுப்பும் சேவை ஒன்று அங்குண்டு. 1976ஆம் ஆண்டு யமாத்தோ நிறுவனம் இதனைத் தொடங்கியது. காலையில் விடுதி முகப்பில் பெட்டியை ஒப்படைத்தால், அது மறுநாள் அடுத்த ஊரின் விடுதியைச் சென்றடையும். கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய கைகளுக்கு இதனினும் சிறந்த உதவி வேறில்லை.

கட்டணமும் பயண அட்டையும்

ஜப்பானிய இரயில்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் செலுத்தும் ஒருவருடன் இரு குழந்தைகள் வரை இவ்வாறு செல்லலாம். எனினும் பதிவு செய்த தனி இருக்கை வேண்டுமாயின் அதற்குச் சிறுவர் கட்டணம் உண்டு. ஆறு முதல் பதினொரு வயது வரையிலான தொடக்கப்பள்ளிப் பருவத்தினர்க்குப் பாதிக் கட்டணம். எனவே எங்கள் பேரன் இலவசமாகவும், பேத்தி பாதிக் கட்டணத்திலும் பயணம் செய்தனர்.

ஒவ்வொரு முறையும் பயணச்சீட்டு வாங்குவதைத் தவிர்க்க, 'இக்கோக்கா' எனும் மின்னட்டை உதவுகிறது. இது 2003ஆம் ஆண்டு அறிமுகமானது. பணத்தை முன்கூட்டியே இட்டு வைத்து, நுழைவாயிலில் தொட்டால் போதும். இரயில், பேருந்து, கடைகள் பலவற்றிலும் இது செல்லுபடியாகும். சிறுவர்க்கெனத் தனியட்டை உண்டு. அதனைப் பெற நிலைய அலுவலரிடம் பிள்ளையின் கடப்பிதழைக் காட்டி வயதை மெய்ப்பிக்க வேண்டும். என் பேத்தி தன் பெயர் பொறித்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய மனிதர் போல் வாயிலைக் கடந்தாள். பொறுப்பைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் பொறுப்புடன் நடப்பர் என்பதை நான் வகுப்பறையில் கண்டிருக்கிறேன், அங்கும் கண்டேன்.

இரயில் வகைகளை அறிதல்

ஒரே தண்டவாளத்தில் பலவகை வண்டிகள் ஓடுகின்றன. எல்லா நிலையங்களிலும் நிற்பது சாதாரண வண்டி. சில நிலையங்களை விட்டுச் செல்வது விரைவு வண்டி. முக்கிய நிலையங்களில் மட்டும் நிற்பது 'ஷின்-கைசொக்கு' எனும் புதுவிரைவு வண்டி. இம்மூன்றிற்கும் கட்டணம் ஒன்றே என்பதைப் பலர் அறியார். தனிச்சிறப்பு விரைவு வண்டிக்கு மட்டும் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே ஏறுமுன் வண்டியின் வகையைப் படித்தறிதல் வேண்டும். இல்லையேல் இறங்க வேண்டிய ஊர் கண்முன்னே கடந்து போகும்.

ஒசாகாவின் வடபகுதி நிலையங்கள் புதியவர்களைக் குழப்பக்கூடியவை. 'ஒசாகா', 'ஒசாகா உமேடா', 'உமேடா', 'கிழக்கு உமேடா', 'மேற்கு உமேடா' எனப் பல பெயர்களில் வெவ்வேறு இரயில் நிறுவனங்களின் நிலையங்கள் அருகருகே உள்ளன. இவற்றை இணைக்கும் நிலவறைப் பாதைகள் எறும்புப் புற்றைப் போன்றவை. நாங்கள் முதல் நாளன்று அரைமணி நேரம் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தோம். நிலையத்தின் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் வெளிவாயில் எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டிருந்தால் அவ்வலைச்சல் நேர்ந்திராது.

காலை ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை வேலைக்குச் செல்வோர் கூட்டம் நெருக்கும். அவ்வேளையில் சிறுவர்களுடன் ஏறாதிருத்தல் நன்று. ஒசாகா நகரின் மிடோசுஜி தடத்தில் வேலை நாள்களில் மகளிர்க்கென ஒரு பெட்டி ஒதுக்கப்பட்டுள்ளது. தொடக்கப்பள்ளி வயதைக் கடவாத ஆண் பிள்ளைகளும் தாயுடன் அதில் ஏறலாம். என் மகள் பேரனுடன் அப்பெட்டியில் சென்று நெரிசலிலிருந்து தப்பினாள்.

குழந்தைத் தள்ளுவண்டியை இரயிலில் மடிக்க வேண்டுவதில்லை. ஆனால் அதனை மின்படியில் ஏற்றுதல் பெருந்தவறு. மின்தூக்கியைத் தேடிச் செல்லுதல் வேண்டும். மின்படியில் தோக்கியோ மக்கள் இடப்புறம் நிற்பர். ஒசாகா மக்கள் வலப்புறம் நிற்பர். யாரும் நடந்து ஏறாமல் நின்றே செல்லுமாறு அறிவிப்புகள் இப்போது வேண்டுகின்றன. பிள்ளையின் கையைப் பிடித்தபடி அசையாது நிற்பதே நமக்கு நலம்.

பிரிந்துவிட்டால் என் செய்வது?

புறப்படுமுன் குடும்பத்தில் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். வண்டியில் ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் அங்கு வந்து சேர வேண்டும். இவ்விதியைப் பேத்திக்கு விளையாட்டாகப் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தோம்.

மூன்றாம் நாள் அது மெய்யாகவே நிகழ்ந்தது. உமேடாவில் நானும் பேத்தியும் ஏறினோம், கதவு மூடிக்கொண்டது. மகளும் மருமகனும் பேரனும் தள்ளுவண்டியுடன் மேடையில் நின்றுவிட்டனர். என் நெஞ்சு படபடத்தது. பேத்தியோ என் கையைப் பற்றி, "தாத்தா, அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும், அம்மா வருவார்" என்றாள். யொதொயாபாஷியில் இறங்கி நின்றோம். சில நிமிடங்களில் அவர்கள் வந்து சேர்ந்தனர். ஆசிரியராகிய நான் கலங்கினேன், மாணவி கலங்கவில்லை. அத்தடத்தில் எல்லா வண்டிகளும் எல்லா நிலையங்களிலும் நிற்பதால் விதி எளிதில் பலித்தது. விரைவு வண்டியாயின் அடுத்த நிறுத்தம் எதுவென்று முன்பே பார்த்து வைத்தல் வேண்டும். பிள்ளையின் சட்டைப்பையில் விடுதியின் பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் இருத்தலும் இன்றியமையாதது. காவல்துறையை அழைக்க 110, மருத்துவ வண்டியை அழைக்க 119 எனும் எண்களை நினைவிற் கொள்க.

கியோட்டோவும் நாராவும்

கியோட்டோவில் சுரங்க இரயில் தடங்கள் இரண்டே. ஆதலால் பல இடங்களுக்குப் பேருந்திலேயே செல்ல வேண்டும். நகரப் பேருந்தில் பின்வாயிலில் ஏறி, முன்வாயிலில் இறங்கும்போது கட்டணம் செலுத்துவர். சுற்றுலாப் பயணியர் மிகுதியால் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. முடிந்த மட்டும் இரயிலில் சென்று, எஞ்சிய தொலைவை நடப்பதே சிறுவர்க்கு ஏற்றது. செந்நிற வாயில்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாய் நிற்கும் புஷிமி இனாரி ஆலயம் இதற்குத் தக்க சான்று. கியோட்டோ நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடத்தில் இரயில் அதன் வாயிலில் கொண்டு சேர்க்கிறது. மலையுச்சி வரை படிகள் உள்ளமையால், பாதி வழியில் திரும்பிவிடுதல் குற்றமன்று.

நாராப் பூங்காவில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட மான்கள் தடையின்றி உலவுகின்றன. அவை இயற்கை நினைவுச் சின்னமாக 1957ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றன. கின்தெத்சு நிறுவனத்தின் நாரா நிலையம் பூங்காவிற்கு மிக அருகில் உள்ளது. மானுக்கென விற்கும் மாச்சில்லை நீட்டினால் அவை தலை வணங்கிப் பெறும். ஆனால் தாமதித்துக் காட்டினால் சினந்து முட்டும். ஆடையையும் தாளையும் கடிக்கும். எங்கள் வரைபடத்தின் பாதி ஒரு மானின் வயிற்றுக்குள் சென்றது. மாச்சில் தீர்ந்தவுடன் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் அவை விலகும். மே, ஜூன் மாதங்களில் குட்டி ஈன்ற தாய்மானையும், இலையுதிர் காலத்தில் கலைமானையும் பிள்ளைகள் நெருங்கலாகாது.

பூங்காவின் நடுவே தொடாய்ஜி ஆலயத்தில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752ஆம் ஆண்டில் அச்சிலையின் கண் திறப்புச் சடங்கை நடத்தியவர், இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் எனும் துறவியாவார்.

உணவும் ஓய்வும்

மரக்கறி உண்போர் கவனத்துடன் இருத்தல் வேண்டும். காய்கறிச் சாறு போல் தோன்றுவதிலும் உலர்ந்த மீனின் சாரம் கலந்திருக்கும். கடற்பாசியோ உப்பிட்ட உமே காயோ உள்ளே வைத்த சோற்றுருண்டை எங்கும் கிடைக்கும். குழந்தைக்குப் பாலூட்டவும் உடை மாற்றவும் பேரங்காடிகளில் தனியறைகள் உள்ளன. தெருவில் குப்பைத் தொட்டி அரிது. ஆதலால் ஒரு பையைக் கையோடு வைத்திருத்தல் வேண்டும். ஒரு நாளைக்கு ஓரிடம், நண்பகலில் ஓய்வு என்பதே எங்கள் திட்டமாயிருந்தது.

நீராவி வண்டியின் முன்னே

இனி நான் சொல்வதாகக் கூறிய காரணத்திற்கு வருகின்றேன். கியோட்டோவில் 2016ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற இரயில் அருங்காட்சியகம் ஒன்றுள்ளது. உமேக்கோஜி-கியோட்டோநிஷி நிலையத்தில் இறங்கினால் சில அடிகளில் அதனை அடையலாம். விசிறி போல் விரிந்த பழைய கொட்டகையில் நீராவி இயந்திரங்கள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றுள் 'சி 56' வகையைச் சார்ந்த 160ஆம் எண் வண்டியும் ஒன்று. பேரன் அதன் சக்கரங்களைக் கண்டு கைகொட்டி ஆர்ப்பரித்தான்.

அவ்வகையில் முதல் தொண்ணூறு வண்டிகள், போர்க்காலத்தில் சக்கர அகலம் மாற்றப்பட்டுத் தென்கிழக்காசியாவிற்கு அனுப்பப்பெற்றன. அவற்றுட் பல, 1942க்கும் 1943க்கும் இடையில் போடப்பட்ட சயாம்-பர்மா இரயில் பாதையில் ஓடின. நம் முன்னோர் 'சயாம் மரண இரயில்' என்றழைத்த பாதை அதுவே. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1943இல் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து சென்ற என் தாத்தா திரும்பவில்லை. அப்போது ஐந்து வயதினராயிருந்த என் தந்தை, இரயிலின் ஊதலொலி கேட்கும் போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார்.

"தாத்தா, இந்த வண்டி எங்கே ஓடியது?" என்று பேத்தி கேட்டாள். "இது இந்நாட்டில் ஓடியது, இதன் உடன்பிறப்புகள் நம் பக்கம் வந்தன. அவை ஓடிய பாதையைப் போட்டவர்களுள் என் தாத்தாவும் ஒருவர்" என்றேன். அவள் சற்று நேரம் இயந்திரத்தைப் பார்த்தாள். பின்னர், "அப்படியானால் அவர் பெயரை ஏன் இங்கே எழுதவில்லை?" என்றாள். அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவு அவளது குறிப்பேட்டில், இரயில் படத்தின் கீழே, என் தாத்தாவின் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன்.

வழி கேட்டபோது தம் வழியை விட்டு எங்களுடன் நடந்து வந்து காட்டிய முதியவரும் அந்நாட்டவரே. இரண்டையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். பகையை வளர்க்க வேண்டா. மறதியையும் வளர்க்க வேண்டா. பெற்றோர்களே, எங்குச் சென்றாலும் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் செல்லுங்கள். அவர்தம் வினாக்களுக்குச் செவி கொடுங்கள். மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டியரிடம் இன்றே கேளுங்கள். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

- தலைமையாசிரியர்