பெயருக்குக் கீழே ஒரு சுழி

ஸ்பெயின் தேசத்துப் பழைய காளைப்போர் வீரர்களின் கடிதங்களைச் சேகரிக்கப் புகுந்தவருக்கு எடுத்த எடுப்பிலேயே எதிர்ப்படும் சங்கடம், அவ்வீரர்களில் பலர் பள்ளிக்கூடத்து வாசலை மிதியாதவர்கள் என்பதுதான். பெப்பே இல்லோ என்று புகழ்பெற்ற ஹோஸே தெல்காதோவின் பெயரால் 1796இல் காடிஸ் நகரில் காளைப்போர்க் கலையைப் பற்றி ஒரு நூலே வெளிவந்தது. ஆனால் அதை வேறொருவர் எழுதிக் கொடுத்தார் என்றும், தம் பெயரைப் போடத் தெரிந்ததே அவருக்குப் பெரிய வித்தை என்றும் சொல்வார்கள். 1801 மே 11ஆம் தேதி மாட்ரிட் அரங்கில் காளை குத்தி அவர் மாண்டார்.

வீரர்களில் பலர் இப்படி எழுத்தறியாதவர்களாதலால், இத்துறையில் பழகியவர், கடிதம் கைக்கு வந்ததும் வாசகத்தை ஒதுக்கிவிட்டு அடியைத்தான் பார்ப்பார். மேலே யாரோ ஒரு குமாஸ்தாவின் வரி பிசகாத எழுத்து. கீழே முற்றிலும் வேறொரு கை. ஸ்பானியருக்குப் பெயரை மட்டும் எழுதினால் கையொப்பம் பூர்த்தியாவதில்லை. அதனடியில் ‘ரூப்ரிகா’ என்னும் சுழிக்கோடு ஒன்றையும் இழுக்க வேண்டும். எழுத்துத் தடுமாறினாலும், வருஷக்கணக்காகப் போட்டுப் பழகிய சுழி ஒரே வீச்சில் ஓடியிருக்கும். போலி செய்பவனோ அதைப் பார்த்துப் பார்த்து வரைவதால், பூதக்கண்ணாடியில் நடுக்கமும் பேனாவை எடுத்து வைத்த இடங்களும் தெரிந்துவிடும்.

1920இல் தலவேராவில் 25 வயதில் மாண்ட ஹோஸெலிதோவும், 1947 ஆகஸ்டு 28 அன்று லினாரெஸ் அரங்கில் இஸ்லேரோ என்னும் காளையால் குத்துண்டு மறுநாள் விடியலில் உயிர்நீத்த மனோலெதேயும் காளைப்போர் அபிமானிகளின் மனத்தில் பெற்றிருக்கும் இடம் தனி. நாடகங்களும் எழுதிய காளைப்போர் வீரர் இக்னாசியோ சான்செஸ் மெஹியாஸைப் போன்றவருக்குக் கடிதம் எழுதப் பிறர் கை வேண்டியதில்லை. எனினும், எழுதத் தெரிந்தவரின் சரளமான நாலு பக்கத்தைவிட, எழுத்தறியாதவர் பேனாவோடு மல்லுக்கட்டிய அந்த ஒற்றைக் கையொப்ப வரியிடமே என் மனம் செல்கிறது.

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மசி, நாளடைவில் பழுப்பேறிக் காகிதத்தையே தின்னும் தன்மையது. மசி தேங்கி நின்ற இடத்தில் அரிப்பும் அதிகம். அப்படிப்பட்ட கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால், குமாஸ்தாவின் வரிகள் முழுசாக இருக்க, சுழியின் வளைவில் மட்டும் காகிதம் உதிர்ந்து வெளிச்சம் தெரிவதுண்டு.