மண் கலமாகும் வழி

நுழையும்முன்

திண்மம், நீர்மம், வளிமம் என்னும் மூன்று நிலைகளையும் பனிக்கட்டி, நீர், நீராவி ஆகியவற்றைக் கொண்டு அறிந்திருக்கிறோம். பீங்கான் கலம் ஒன்று உருவாகும் வழியிலும் இம்மூன்று நிலைகளையும் காணலாம். அவற்றின் இயல்பறிந்து செய்தால் கலம் நிலைக்கும், தவறினால் உடையும்.

பீங்கான் ஊர்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயருடையது. இன்று அவ்வூருக்குப் பெயர் சேர்ப்பது பீங்கான் தொழில். கார்த்திகை விளக்குகள், கொலுப் பொம்மைகள், தேநீர்க் கோப்பைகள், மின்சாரம் பாயாமல் தடுக்கும் பீங்கான் கட்டைகள் முதலியன இங்கே உருவாகின்றன. பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இவ்வூரில் உள்ளன. அண்மையிலுள்ள நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்காக நிலத்தை அகழும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது.

ஓயாத துகள்கள்

பொருள்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களால் ஆனவை. அத்துகள்கள் எந்நிலையிலும் ஓய்ந்திருப்பதில்லை. திண்மத்தில் அவை நெருங்கி நின்று, தத்தம் இடத்திலேயே அதிர்கின்றன. நீர்மத்தில் நெருங்கியே இருப்பினும் ஒன்றையொன்று கடந்து நழுவுகின்றன. ஆதலால் நீர்மம், தான் இருக்கும் கலத்தின் வடிவை ஏற்கிறது. வளிமத்திலோ, ஒன்றன் ஈர்ப்பிலிருந்து மற்றொன்று பெரிதும் விடுபட்டு, கிடைத்த இடமெங்கும் விரைந்து பரவுகின்றன. நீர் ஆவியாகும்போது அதன் மூலக்கூறு மாறுவதில்லை. அது இயங்கும் உரிமையே மாறுகிறது.

குழைவும் ஓட்டமும்

களிமண் திண்மம்தான். எனினும் நீர் சேர்த்தால் விரல் அழுத்தத்துக்கு வளைகிறது. விரலை எடுத்தபின் அவ்வடிவிலேயே நிற்கிறது. இதன் காரணம் அதன் மணிகளின் வடிவில் உள்ளது. வெண்களிமண்ணின் மணிகள் மெல்லிய தகடு போன்றவை. ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறினும் சிறியவை அவற்றுள் பல. அத்தகடுகளுக்கிடையே நீர் மெல்லிய படலமாகப் படர்கிறது. அழுத்தும்போது தகடுகள் படலத்தின்மேல் வழுக்கி நகர்கின்றன. அழுத்தம் நீங்கியதும் நீரின் ஈர்ப்பு அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது.

பொம்மைகளை அச்சில் வார்ப்பதற்குக் களிமண் குழம்பாக ஓட வேண்டும். நீரை மிகுதியாகச் சேர்த்தால் காயும்போது கலம் அளவுக்கு மீறிச் சுருங்கும். எனவே சோடியம் சிலிகேட்டைச் சிறிதளவு சேர்க்கின்றனர். அதனால் மணிகளின் பரப்பில் ஒத்த மின்னூட்டம் மிகுந்து, அவை ஒன்றையொன்று விலக்குகின்றன. நீர் கூடாமலேயே கெட்டிக்களி குழம்பாகிறது.

இக்குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சிலுள்ள எண்ணற்ற நுண்துளைகள் நீரை உறிஞ்ச, மணிகள் அச்சின் உட்சுவரில் படிகின்றன. தேவையான தடிப்பு வந்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து வெளியேற்றுவர். அச்சைப் பிரித்தால், உள்ளே வெற்றிடம் கொண்ட பொம்மை வெளிப்படும்.

பொறுத்துக் காய்தல்

அவ்வாறு எடுத்த பொம்மையில் இன்னும் ஈரம் உண்டு. நீர் கொதித்தால்தான் ஆவியாகும் என்பதில்லை. பரப்பிலுள்ள மூலக்கூறுகளுள் விரைவு மிக்கவை எவ்வெப்பநிலையிலும் ஈர்ப்பை வென்று காற்றில் கலக்கின்றன. அவற்றின் இடத்தை நிரப்ப உள்ளிருக்கும் நீர் வெளிநோக்கி நகர்கிறது. நீர் விலக, மணிகள் நெருங்குகின்றன, கலம் சுருங்குகிறது.

கடும் வெயிலில் வைத்தால் புறப்பரப்பு முந்திச் சுருங்கும். உட்பகுதியோ சுருங்காது நிற்கும். இவ்விழுபறியில் கலம் விரிசலுறும். கோப்பையின் மெல்லிய கைப்பிடி, தடித்த அடிப்பகுதியைவிட விரைவில் உலர்வதால், இரண்டும் இணையும் இடத்தில் பிளவு தோன்றுவதுண்டு. ஆகவே கலங்களை நிழலில், அனல்காற்றுப் படாமல் மெல்ல உலர்த்துகின்றனர்.

உலர்ந்த கலமும் இன்னும் உறுதி பெற்றதன்று. நீரூற்றினால் அது மணிகளின் இடையே புகுந்து அவற்றைப் பிரித்துவிடும். கலம் மீண்டும் சேறாகும். தீய வழியில் வந்த பொருள் நிலைக்காது என்பதற்குத் திருவள்ளுவர் உவமையாக்கிய பசுமட்கலம் இதுவே.

சூளையில் நிகழ்வன

சூளையில் வெப்பம் ஏறும்போது முதலில் எஞ்சிய ஈரம் ஆவியாகிறது. நூறு டிகிரி செல்சியசில் ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கும். நுண்துளைகளின் வழியே மெல்ல வெளியேற நேரம் கிடைத்தால் ஆவியால் தீங்கில்லை. வெப்பத்தை விரைந்து ஏற்றினால், சிக்கிய ஆவி கலத்தை வெடிக்கச் செய்யும். சிதறும் துண்டுகள் அருகில் அடுக்கியவற்றையும் கெடுக்கும். பல நாள் உழைப்பும் எரிபொருளும் ஒரு நாழிகை அவசரத்தால் வீணாகும்.

அதன்பின், ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி வரை, மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. வெண்களிமண்ணின் படிக அமைப்பிலேயே பிணைந்திருந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீராகப் பிரிந்து வெளியேறுகின்றன. தூய வெண்களிமண் நூறு கிராமில் இவ்வாறு நீங்குவது ஏறத்தாழ 14 கிராம். இதன்பின் மண்ணை நீரில் ஊறவைத்தாலும் அது பழைய களியாவதில்லை. ஈரம் உலர்வது மீளும் மாற்றம். இது மீளா மாற்றம்.

வெப்பம் ஆயிரம் டிகிரியைக் கடந்து மேலும் உயரும்போது, கலவையிலுள்ள ஃபெல்ஸ்பார் உருகத் தொடங்குகிறது. அந்நீர்மம் மணிகளின் இடைவெளிகளில் புகுந்து, பரப்பு இழுவிசையால் அவற்றை நெருக்கி, துளைகளை அடைக்கிறது. கலம் மீண்டும் சுருங்கி இறுகுகிறது. குளிரும்போது அந்நீர்மத்தின் துகள்கள் ஒழுங்காக அணிவகுக்க நேரமின்றி, சிதறிய அமைப்பிலேயே உறைந்து கண்ணாடியாகின்றன. நீர்மத்தின் ஒழுங்கின்மையும் திண்மத்தின் உறுதியும் அதில் ஒருங்கே உள்ளன.

அணைத்த சூளையை உடனே திறப்பதும் தவறு. கலத்திலுள்ள குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் தன் அமைப்பை மாற்றித் திடீரெனச் சுருங்குகிறது. அவ்வெல்லையைக் கலம் மெல்லக் கடக்க வேண்டும். இல்லையேல் வெந்து முடிந்த கலமும் விரிசலுறும்.

அறிவும் பொறுமையும்

ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகள் பல நூற்றாண்டுகள் மண்ணுள் கிடந்தும் மண்ணாகாமல் நமக்குக் கிடைத்தன. அவற்றை வனைந்தோர் ஹைட்ராக்சில் தொகுதி என்னும் பெயரை அறியார். நிழலில் உலர்த்தவும் தீயை மெல்ல ஏற்றவும் அறிந்திருந்தனர். கைகள் பட்டறிந்த அப்பொறுமைக்கு அறிவியல் இன்று காரணம் கூறுகிறது. நகரும் துகளுக்கு நகர நேரம் வேண்டும். அந்நேரத்தைக் கொடுப்பதே கலம் செய்வோரின் திறம். கார்த்திகை நாளில் நாம் ஏற்றும் சிறு விளக்கும் அத்திறத்தால் நிலைபெற்றதே.